பிள்ளையாரின் முன்வாசல்

யாழ்ப்பாணத்திலிருந்து எவ்வளவோ தூரத்தில், நாங்கள் குடியேறிய நகரத்தின் அஜின்கோர்ட் பகுதியில், எங்கள் பிள்ளையாருக்குக் கோயில் அமைத்துக் கொடுத்தவர் ஒரு கறுப்பு அமெரிக்கர் என்றால் இன்றும் பலர் நம்பமாட்டார்கள். புதிதாகக் கட்டினார் என்று சொல்லமுடியாது. அங்கே ஏற்கெனவே மேசை கதிரை அடுக்கிவைக்கும் ஒரு தளபாடக் கிடங்கு இருந்தது. அதைக் கோயிலாக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி, எனக்குப் பத்து வயது. அதே நகரத்தின் பார்க்டேலில், அடுக்குமாடியில் எங்களுக்கு மேல்வீட்டில் அவர் இருந்தார். சிக்காகோவில் ஓய்வு பெற்று, மகளுக்குப் பக்கத்தில் இருக்க அமெரிக்க எல்லையைத் தாண்டி வந்தவர். ஒருநாள் லிஃப்டில் அப்பாவிடம் தான் ஆர்க்கிடெக்ட் என்று வாயை விட்டுவிட்டார். பாவம், யாழ்ப்பாணத்து ஆட்களிடம் தொழிலைச் சொன்னால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியாது. அடுத்த ஞாயிறே பெரியப்பா தலைமையில் கோயில் கமிட்டி வடையும் கையுமாக அவர் கதவைத் தட்டியது. ஆங்கிலத்துக்கு என்னைக் கூட்டிப்போனார்கள்.

எனக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. அமெரிக்க அங்கிள் தன் பழைய ஆல்பத்தைக் காட்டினார். இரண்டாம் உலகப் போரில் சிப்பாயாக இருந்து, திரும்பி வந்து, அரசாங்க உதவியில் படித்தவராம். எத்தனை கட்டடங்கள்! மாடி மாடியாக ஒரு ஹோட்டல், தூண் வைத்த வங்கி, பணக்காரர்களின் கிளப். எல்லாவற்றையும் இந்தக் கைகள்தான் வரைந்தன என்று நினைக்கவே எனக்குப் புல்லரித்தது. ஒன்றைத்தான் விசித்திரமாகக் கண்டேன். ஒவ்வொரு படத்திலும் கட்டடம் தெருவுக்கு அந்தப் பக்கம் இருந்தது, அவர் இந்தப் பக்கம் தொப்பியோடு நின்றார்.

“ஏன் கிட்டப் போய் நிற்கவில்லை?” என்று கேட்டேன்.

“இங்கிருந்தால்தான் முழுக் கட்டடமும் தெரியும்” என்றார். படம் எடுக்கும் தொழில் ரகசியம் கிடைத்துவிட்டதென்று நான் பூரித்துப்போனேன்.

சில வாரங்களில் வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு அவர் எங்கள் வீட்டுக்கு இறங்கி வந்தார். கார்ப்பெட்டில் விரித்ததும் எல்லோரும் குனிந்து பார்த்தோம். தெருவைப் பார்த்தபடி, கிழக்கு முகமாக, அகலமான ஒரு வாசல். பெரியப்பாவின் முகம் கறுத்தது.

“உந்தப் பெரிய கதவு வேண்டாம். ரோட்டுப் பக்கம் சனம் நிண்டால் அக்கம்பக்கத்தார் கொம்பிளெயின்ட் பண்ணுவினம். பேந்து பெர்மிட்டும் இல்லை, கோயிலும் இல்லை. நாங்கள் பின்னாலை, கார்பார்க்காலை, சத்தமில்லாமல் வந்து கும்பிட்டிட்டுப் போவம்.”

“அப்ப பிள்ளையாற்றை முதுகைப் பாத்துக்கொண்டே உள்ளுக்கை வாறது?” என்று அம்மா குசினிக்குள் சமைத்தபடியே கேட்டார்.

“சுத்திக்கொண்டு முன்னுக்குப் போகலாம்தானே!”

நான் மொழிபெயர்த்தேன். அங்கிள் வரைபடத்தில் வாசலின்மேல் விரலை வைத்தார். பிறகு, பிள்ளையார் எந்தக் கதவால் உள்ளே வருவார் என்று கேட்டார்.

“அவர் முன்னாலைதான் வருவார். அவர் கடவுளெல்லோ!” என்றார் பெரியப்பா, மானம் போனவர்போல.

“அப்படியென்றால் அவரைப் பார்க்க வருகிறவர்கள் மட்டும் ஏன் ஒளித்து வரவேண்டும்? பின்கதவுதான் வேண்டுமென்றால் வேறு ஆளைப் பாருங்கள். அதை நான் வரையமாட்டேன்” என்று அவர் படத்தைச் சுருட்டத் தொடங்கினார். எப்போதும் சிரிக்கும் மனிதர் சுருட்டிய வேகத்தில் தாள் கசங்கியது. ஒரு கதவுக்கு இவ்வளவு கோபமா என்று எனக்கு ஆச்சரியம்.

அப்பா பதறி அவர் கையைப் பிடித்தார். “அண்ணை, அவர் சொல்லுறது சரி. வாறது வரட்டும்” என்று பெரியப்பாவிடம் சொன்னார். பெரியப்பா முனகிக்கொண்டே தலையாட்டினார். வரைபடம் நகரசபைக்குப் போனது. அதன்பின் டெலிபோன் அடித்தபோதெல்லாம் நான்தான் முதலில் ஓடினேன். ஒரு பின்னேரம் பெரியப்பா மறுமுனையில் கத்தினார்: “கிடைச்சிட்டுது பிள்ளை! முன்கதவோடை கிடைச்சிட்டுது!” நான் சோபாவில் ஏறிக் குதித்தேன். அம்மா சாமிப் படத்துக்கு முன்னால் விளக்கேற்றினார்.

கும்பாபிஷேகத்தன்று நாதஸ்வரமும் தவிலும் தெருவையே அதிர வைத்தன. பிள்ளையார் முன்வாசலால் போனார், பின்னால் நாங்கள் எல்லோரும் போனோம். அமெரிக்க அங்கிள் சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, கோட்டைச் சரிசெய்துகொண்டு, மெல்ல உள்ளே வந்தார். கொஞ்ச நேரத்தில் வெளியே வந்து, தன் கமராவை என்னிடம் நீட்டினார்.

எனக்குத்தான் ரகசியம் தெரியுமே! ஒரே ஓட்டமாகத் தெருவைக் கடந்து எதிர்ப்பக்கம் போய் நின்று, அவரையும் வரும்படி கையாட்டினேன். அவர் அசையவில்லை. என்னைத்தான் திரும்பக் கூப்பிட்டார். வாசலின் நடுவில், கதவு நிலையில் ஒரு கையை ஊன்றி நின்றுகொண்டு, இன்னும் கிட்ட வா, இன்னும் கிட்ட வா என்றார்.

“படத்தில் கட்டடமே விழாது, அங்கிள்!”

“பரவாயில்லை. கதவு விழுந்தால் போதும்.”

அவர் நாட்டில் ஒரு காலத்தில், அவர் வரைந்த ஹோட்டலுக்குள்ளேயே, கறுப்பர் என்பதால், அவரை முன்வாசலால் விடமாட்டார்கள், குசினிக் கதவால்தான் போகவேண்டும் என்பதெல்லாம் நான் பல்கலைக்கழகம் போன பிறகு தெரிந்துகொண்டது. அன்றைக்கு நான் செய்தது, அப்பாவைத் தேடிப்பிடித்து, அமெரிக்க அங்கிளுக்கு வயது போய்விட்டது, படம் எடுக்கிற முறையையே மறந்துபோனார் என்று கவலையோடு சொன்னதுதான்.