கிழவனை முடித்தவர்

எவாரிஸ்தோ பெர்தோமோ மூன்று புத்தகங்களில் கொலைகாரர். நான்காவது புத்தகத்தில் அவர் இல்லவே இல்லை. மற்ற மூன்றையும்விட அந்த நான்காவதுதான் அவர் மானத்தை வாங்கியது.

மயாமிக்கு வடக்கே, கால்வாய் ஓரமாகப் படகுப் பட்டறைகள் நெருக்கியடித்து நிற்கும் முட்டுச்சந்து அது. அந்தத் தெருவில் ரஸ் வேன்டிவர் என்றால் கடவுளுக்கு அடுத்தபடி. பந்தயம் நடக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் கடவுளுக்கே இரண்டாமிடம்தான். உலகத்திலேயே வேகமான படகுகளைக் கட்டியவர் என்று அவரைச் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். படகுக்குத் தடவுகிற ரெசின் பிசினின் வாடை பட்டாலே அடுக்கடுக்காகத் தும்முகிற மனிதர் அவர். பட்டறைக்குள் வந்தால் வெள்ளைக் கால்சட்டையில் கறை படாத இடமாகப் பார்த்து நிற்பார். "பிரமாதம்டா பசங்களா" என்பார். பத்திரிகைக்காரன் கேமராவோடு வந்துவிட்டால் மட்டும் பக்கத்தில் இருப்பவன் கையிலிருந்து ரெசின் தடவும் உருளையைப் பிடுங்கிப் பிடித்துக்கொண்டு வியர்வை துடைப்பார். பிடுங்கப்படும் உருளை பெரும்பாலும் எவாரிஸ்தோவுடையது.

அந்தப் பட்டறையில் 'கிழவன்' என்றால் யாரென்று கேட்டுத்தான் பதில் சொல்ல வேண்டும். கியூபாக்காரர்களுக்கு முதலாளி என்பவர் கிழவன். அதை அவர் காதுபடச் சொல்ல மாட்டார்கள், அவ்வளவுதான். கியூபாக்காரிக்குக் கட்டிய புருஷன் கிழவன், கல்யாணத்துக்கு மறுநாளிலிருந்தே. இவர்களைத் தவிர மூன்றாவதாக ஒரு கிழவன் கொட்டகையின் கடைசியில் கிடந்தான். அது ஒரு அச்சு. பட்டறையிலேயே பழையது, பெரியது. கண்ணாடி இழையை அதற்குள் அடுக்கடுக்காகப் பரப்பி, ரெசின் தடவி, காய்ந்ததும் உரித்து வெளியே இழுத்தால் முழுப் படகு. வேன்டிவருக்குப் பேரும் புகழும் கோப்பைகளும் வாங்கிக்கொடுத்த படகெல்லாம் அந்தக் கிழவன் வயிற்றிலிருந்து வந்தவைதான். கிழவனைச் செதுக்கியவர் எவாரிஸ்தோ. கியூபாவில் மத்தான்சாஸ் ஊரில் பள்ளிக்கூட நாற்காலி செய்துகொண்டிருந்த தச்சர், இங்கே வந்து, மரத்தை இழைத்து, கண்ணை ஒருக்களித்துப் பார்த்து, மறுபடி இழைத்து, அந்த வளைவைக் கொண்டுவந்தார். வரைபடம் என்று ஒன்று பிறகு போடப்பட்டது. அதில் வேன்டிவர் கையெழுத்துப் போட்டார்.

வேன்டிவர் செத்த செவ்வாய்க்கிழமை மத்தியானம் எவாரிஸ்தோ அலுவலகத்து போனில் மனைவி சொரைதாவிடம் ஸ்பானிஷில் பேசினார்.

"கிழவன் கதை முடியப்போகுது. இன்னும் கொஞ்ச நேரந்தான். நானும் நிவால்தோவும் சேர்ந்தே முடிச்சிடுவோம். நாளைக்குக் காலைல தோலை உரிச்சு வெளிய இழுத்துப் போடணும். எனக்குக் கொஞ்சம் சோறு எடுத்து வை."

பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்த குமாஸ்தா டோரிஸ் பள்ளிக்கூடத்தில் ஒரு வருஷம் ஸ்பானிஷ் படித்தவள். எல்லாச் சொல்லும் புரிந்தது. அதுதான் வினை.

அதற்குப் பிறகு எவாரிஸ்தோவும் அவருடைய கூட்டாளி நிவால்தோவும் அச்சுக்குள் இறங்கிக் கடைசி அடுக்கைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். வெளியே பட்பட்டென்று சத்தம் கேட்டது. காற்றை அமுக்கும் இயந்திரம் தினமும் போடுகிற சத்தம் என்று இருவரும் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. நிவால்தோ அப்போது தன் மாமியாரைப் பற்றி உருக்கமாக ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். பேச்சு சுவாரசியத்தில் வாளியில், ரெசினை இறுக வைக்கும் ஹார்ட்னரை இரண்டு முறை ஊற்றிவிட்டான். ரெசின் கொதித்துப் புகைய ஆரம்பித்தது. கொட்டகைக்குள் அது தீப்பிடித்தால் தெருவே போய்விடும். எவாரிஸ்தோ வெள்ளை வேலை உடுப்போடு வாளியைத் தூக்கிக்கொண்டு வாசல் வழியாகப் பாய்ந்து, கை வெந்துபோக ஓடி, கால்வாய்க் கரையில் அதை வீசினார். திரும்பிய பிறகுதான் காருக்குப் பக்கத்தில் வெள்ளைக் கால்சட்டை கிடப்பதைப் பார்த்தார். அந்தக் கால்சட்டையில் கறை படிந்து அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை. அங்கேயே உட்கார்ந்து அழுதார். அதை எந்தப் புத்தகமும் எழுதவில்லை.

போலீஸ்காரர்கள் வந்து விசாரித்தார்கள். வாளியை முகர்ந்து பார்த்தார்கள். போகச் சொல்லிவிட்டார்கள். சுட்டவன் அகப்படவில்லை.

போலீஸ் விட்ட இடத்தில் புத்தகக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். முதல் புத்தகத்தில், வெள்ளை உடுப்பு போட்ட மர்ம மனிதன் ஒருவன் துப்பாக்கியை அமில வாளியில் கரைத்தபடி ஓடினான். இரண்டாவதை எழுதியவன் டோரிஸைப் பிடித்தான். அவள் தோல் உரிக்கிற கதையை நடுங்கிக்கொண்டே சொல்ல, முழு அத்தியாயமே தேறிவிட்டது. மூன்றாவது எழுதியவனுக்குக் கற்பனை வளம் அதிகம். அதில் எவாரிஸ்தோ பெர்தோமோ, ஹவானா ரகசியப் போலீசில் ஆள் தீர்த்த கைதேர்ந்த கொலைகாரர், பட்டப் பெயர் 'வாளி', கண் சிமிட்டாமல் மூன்று குண்டு போட்டுவிட்டு வீட்டுக்குப் போன் செய்து சோறு எடுத்து வைக்கச் சொன்னவர். சோறு விஷயம் மட்டும் நிஜம்.

நியாயமாக மனிதர் கொதித்துப்போயிருக்க வேண்டும். கொதித்தார், வீட்டில். ஹயலியாவில் அவர் வீட்டுப் பக்கம் ஒரு ஜன்னல் கடை உண்டு, நின்றபடியே கட்டங்காபி குடிக்கிற இடம். அங்கே கதை வேறு.

"ஏய், வாளி அண்ணன் வந்துட்டாரு, வழி விடுங்கப்பா!"

"சும்மா இருங்கடா. வயித்தெரிச்சலைக் கிளப்பாதீங்க" என்று சொல்லிக்கொண்டே அவர் வரிசையில் முதலாவதாகப் போய் நிற்பார். கொய்யாப் பணியாரத்தில் பெரியதாகப் பார்த்து ஒன்று தானாக வரும். மூன்று புத்தகங்களையும் பிளாஸ்டிக் உறை போட்டு, கருணை மாதா சிலைக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். இங்கிலீஷ் அவ்வளவாக வராது. ஆனால் தன் கதை எந்தெந்தப் பக்கத்தில் வருகிறது என்பது அத்துப்படி.

இந்த லட்சணத்தில் மகள் யுசிமிக்குக் கல்யாணப் பேச்சு வந்தது. பையன் நல்லவன். பையனின் அப்பா டாக்டர் ஃபுந்தோரா, பல் டாக்டர், பெரிய இடம். மூன்றாவது புத்தகத்தைப் படித்திருந்தார். கொலைகாரன் வீட்டில் சம்பந்தம் வைப்பதா என்று மகனிடம் கத்தினாராம். பெண் வீட்டில் வந்து கத்த மட்டும் அவருக்குத் தைரியம் வரவில்லை.

சொரைதா பிடித்துக்கொண்டாள். "யோவ் கிழவா, உன் மகளைவிட உனக்கு அந்தப் பணியாரம் பெருசாப் போச்சா? புதுசா ஒரு பொம்பளை புத்தகம் எழுத ஊருக்குள்ள அலையுதாம்ல. போய் உண்மையைச் சொல்லு."

"சொல்றேன்டி. ஆனா ஒண்ணு. கொலைகாரன் இல்லைன்னு மட்டும் போட்டா ஒத்துக்க மாட்டேன். அந்த அச்சை நான் செஞ்சேன்னும் போடணும்."

"அதை யாருய்யா கேட்டா?"

"அதைத்தான்டி இத்தனை வருஷமா ஒருத்தனும் கேக்கல!"

புத்தகம் எழுத வந்த லோர்னா டீக் என்ற அந்த அம்மாள் நாணயமானவள். காது கொடுத்துக் கேட்டாள், நிவால்தோவிடம் தனியாக விசாரித்தாள், கொட்டகைக்கே போய்க் கிழவனைத் தொட்டுப் பார்த்தாள். போன் கதையைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அச்சு விஷயத்துக்கு வந்தபோது சிரிப்பு நின்றது.

"வரைபடத்துல மிஸ்டர் வேன்டிவர் கையெழுத்துதானே இருக்கு? உங்க பேருல ஏதாவது ஆதாரம் வச்சிருக்கீங்களா?"

"படகு இருக்கேம்மா. அது தண்ணில மிதக்குதே."

"ஆதாரம் இல்லாம நான் ஒரு வரி எழுத மாட்டேன் சார்."

சொன்னபடியே செய்தாள். புத்தகம் வந்தது. யுசிமி பின்பக்கப் பெயர் வரிசையைப் பார்த்தாள், பிறகு பக்கம் பக்கமாகப் புரட்டினாள். பெர்தோமோ இல்லை. வாளிகூட இல்லை. கொலை செய்யாதவரைப் பற்றிக் கொலைப் புத்தகத்தில் எழுத என்ன இருக்கிறது? ஆனால் நடுவில், பளபளப்பான தாளில், அந்தப் புகைப்படம் இருந்தது. உருளையும் கையுமாக வேன்டிவர். கீழே, 'தம் கையாலேயே கட்டிய படகுடன்.' ஓரத்தில் ஒரு முழங்கை தெரிந்தது.

"இது என் முழங்கை" என்றார் எவாரிஸ்தோ. அவ்வளவு நேரம் தாங்கியவர் அதற்குமேல் தாங்கவில்லை. மாதா சிலைக்கு எதிரே உட்கார்ந்து, சின்னப் பிள்ளை மாதிரி விம்மினார். ஜன்னல் கடையில் அந்த வாரத்திலிருந்து அவர் வரிசையில் கடைசியில் நின்றார்.

டாக்டர் ஃபுந்தோரா நான்காவது புத்தகத்தையும் படித்துவிட்டு, நிம்மதியாகச் சம்மதம் சொல்லி, ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு அழைத்தார். வீட்டுக்குப் பின்னாலேயே கால்வாய். கரையோரம் போட்ட விருந்து மேசைக்குக் கையெட்டும் தூரத்தில் ஒரு பழைய வேன்டிவர் படகு. எவாரிஸ்தோவுக்கு ஒரு பார்வை போதும், கிழவன் பெற்ற பிள்ளை அது.

"சாப்பிட்டதும் ஏறலாம். ஆனா அந்த செருப்பைக் கழட்டிருங்க" என்றார் டாக்டர். மூன்றாவது புத்தகத்துக்குப் பயந்து, அவரைக் கண்டால் தெருவின் எதிர்ப்பக்கம் ஒதுங்கிப்போன மனிதர், இப்போது பெர்தோமோவின் தோளில் கை போட்டுப் பேசினார். "பாவம், உங்களைப் போய் என்னல்லாம் எழுதிட்டானுங்க. கடைசில பாத்தா நீங்க சும்மா ஒரு கூலியாள். எனக்கு அப்பவே ஒரு சந்தேகம், இந்த மூஞ்சிக்கு எங்க அவ்வளவு துணிச்சல்னு."

எவாரிஸ்தோ வறுத்த பன்றிக்கறியை மென்றார். மகளைப் பார்த்தார்.

டாக்டர் உட்கார்ந்தபடியே கையை நீட்டிப் படகின் விலாவைத் தடவினார். "இந்த வளைவைப் பாருங்க. கையை வைங்க, பரவால்ல, வச்சுப் பாருங்க. இப்படி ஒரு வளைவு வேன்டிவர் கையால மட்டுந்தான் வரும். உங்களுக்குச் சொன்னா புரியாது. இதுக்கெல்லாம் பிறவியிலேயே ஒரு ஞானம் வேணும்."

சொரைதா மேசைக்கடியில் புருஷன் காலை மிதித்தாள். நல்ல மிதிதான். பலிக்கவில்லை.

"நிறுத்துங்க டாக்டர்" என்றார் எவாரிஸ்தோ. "கிழவன் என் வேலை. ஆரம்பிச்சதும் நான், முடிச்சதும் நான். வேற எவனுக்கும் அதுல பங்கு கிடையாது."

டாக்டர் கியூபாக்காரர்தான். கிழவன் என்றால் அவருக்கு ஒரே கிழவன், செத்துப்போன முதலாளி. கையிலிருந்த கரண்டி தட்டில் விழுந்தது. முகம் வெளுத்து, பிறகு மெதுவாகச் சிவந்தது. நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். தோளில் போட்டிருந்த கை எப்போது போனது என்று தெரியவில்லை.

"எனக்குத் தெரியும்" என்றார் குரலைத் தாழ்த்தி. "மூணாவது புத்தகம் படிச்சப்பவே தெரியும்ணே. அந்தப் பொம்பளைக்கு என்ன தெரியும்? ஏண்ணே செஞ்சீங்க?"

தான் அச்சைச் சொன்னதை இவர் பிணமாக எடுத்துக்கொண்டார் என்பது எவாரிஸ்தோவுக்கு அப்போதுதான் உறைத்தது. திருத்தியிருக்கலாம். எத்தனை முறை திருத்துவது? கேட்ட கேள்விக்கு உண்மையான பதிலையே சொன்னார்.

"நான் செஞ்சதுக்கெல்லாம் அந்த ஆளு தன் பேரைப் போட்டுக்கிட்டான்."

டாக்டர் நீளமாக மூச்சு விட்டார். "அது போதும்ணே" என்றார். "ஒரு ஆம்பளைக்கு அது போதும்." ஒயினைத் தன் கையாலேயே ஊற்றினார். மகன் கல்யாணத்துக்கு இனி அவர் குறுக்கே நிற்கப்போவதில்லை. நிற்கிற தைரியமும் இல்லை, மனசும் இல்லை. நிஜமான கொலைகாரன் சம்பந்தி என்று நோயாளிகளிடம் கண்ணடித்துச் சொல்லக் கிடைத்திருக்கிற வாய்ப்பை எந்தப் பல் டாக்டர் விடுவார்? சாவியை எடுத்து நீட்டினார். "நீங்கதான் ஓட்டணும். செருப்பு இருந்துட்டுப் போகட்டும்."

எவாரிஸ்தோ அத்தனை வருஷத்தில் எத்தனையோ படகு உரித்து வெளியே இழுத்தவர். ஒன்றைக்கூட ஓட்டியதில்லை. சுக்கானைப் பிடித்ததும் அந்த வளைவு தண்ணீரை இரண்டாக வகிர்ந்துகொண்டு போனது, அன்றைக்கு மரத்தில் கண்ணை ஒருக்களித்துப் பார்த்தபோது எப்படிப் போகும் என்று நினைத்தாரோ அப்படியே. பின்னால் டாக்டர் குதூகலத்தில் கூவினார். எவாரிஸ்தோவின் கண்ணில் தண்ணீர் வழிந்தது. காற்று என்று சொல்லிக்கொள்ள வசதியாக இருந்தது.

வீடு திரும்பும்போது காரை ஓட்டியவள் சொரைதா. சிவப்பு விளக்கில் வண்டி நின்றதும் மெதுவாகக் கேட்டாள். "யோவ், அன்னிக்கு போன்ல சொன்னியே. எந்தக் கிழவன்யா?"

அவர் திரும்பி அவளைப் பார்த்தார். சோறு எடுத்து வைத்தவளே கேட்கிறாள். நெஞ்சில் சுருக்கென்றது. வெட்கத்தை விட்டுச் சொன்னால், கொஞ்சம் இனிக்கவும் செய்தது.

"விளக்கு மாறிடுச்சு, போலாம்" என்றார்.

அன்று ராத்திரி தட்டில் பெரிய கறித்துண்டு கேட்காமலே விழுந்தது.