ஊதல் போன எஞ்சின்

கூட்டேரிப்பட்டைத் தாண்டும்போது பையின் வார் தோளை அறுக்கத் தொடங்கியிருந்தது. உள்ளே மூன்று கிலோவுக்கு மேல் கனக்கும் ஒரு ரயில் எஞ்சின், அதை ஓட்டும் டிரான்ஸ்ஃபார்மர், இரண்டு சட்டை. திண்டிவனத்தில் அக்கா வீட்டிலிருந்து கிளம்பியவன் பஸ் ஏறவில்லை. உட்கார்ந்தால் யோசனை வரும். நடந்தால் கால்வலி மட்டும்தான்.

எஞ்சின் என்றால் பொம்மைதான். பழைய நீராவி எஞ்சினை அப்படியே சுருக்கி வார்த்தது, ஒரு முழ நீளம். தொண்ணூறுகளில் வெளிநாட்டில் செய்தது. அப்போதுதான் நிஜ எஞ்சினின் சத்தத்தைப் பதிவு செய்து சிப்பில் அடைக்க ஆரம்பித்தார்களாம். புதுச்சேரியில் வீடு காலி செய்யும் ஆட்களோடு சுமை தூக்கியபோது, ஊர் திரும்பிய ஒரு வெள்ளைக்காரர் அதை எனக்குக் கொடுத்தார். அதன் பிறகு பழைய சாமான் கடைகளைக் கிளறாமல் என்னால் இருக்க முடியவில்லை. வளவனூரில் இன்னும் இரண்டு கிடைத்தன. இரண்டும் ஊமை.

இது பேசும். கிளம்பும்போது நீளமாக ஊதும். சக்கரம் வேகம் பிடிக்கப் பிடிக்கப் புகை தள்ளும் சத்தமும் நெருங்கிவரும். நின்றதும் பெருமூச்சு. பிறகு ஒரு ஆள் ஏதோ இங்கிலீஷில் சொல்வான். என் எட்டாம் வகுப்புக்கு அது எட்டவில்லை. ஆனால் அவன் பேசி முடிக்கும்வரை நான் எழுந்து போனதில்லை. எந்த ஊரிலும் ஒரு மாதம் தங்காதவன், அக்கா வீட்டு மாடி ஷெட்டில் தண்டவாளம் போட்டு ஒரு மழைக்காலம் முழுக்கத் தங்கினேன். அந்தச் சத்தம்தான் உட்கார வைத்தது.

வெள்ளைக்காரர் தன் டிரைவரை விட்டு ஒன்று சொல்லச் சொல்லியிருந்தார். உள்ளே இருக்கும் பேட்டரி இறங்கிப்போன நேரத்தில் கரண்ட் நின்றால், சிப்பில் இருக்கும் சத்தம் அழிந்துவிடும், திரும்ப வராது என்று. நான் கிளம்பியதற்கு முந்தின நாள் நிறுத்தியபோது சத்தம் சட்டென்று அறுந்தது. பேட்டரி இறங்குகிறது என்று புரிந்தது. வண்டி ஓடினால்தான் அது ஏறும். விடிந்ததும் ஓடவிட்டேன். ஒன்பது மணிக்கு ஊதிக்கொண்டே நின்றது. ஃபேனும் நின்றது.

அக்கா படியேறி வந்தாள்.

"இன்னிக்கு மாசாந்திர கரண்ட் கட்டுடா. காத்தாலருந்து கத்திக்கினு இருக்கேன். அந்த ஊதலுல உனக்கு எங்க கேக்குது."

சாயங்காலம் வரை வராது என்றாள். கீழ்வீட்டு இன்வெர்ட்டரில் வயர் போட்டுப் பார்த்தேன். சக்கரம் சுற்றியது. இரண்டு முறை டிங், டிங் என்றது. அவ்வளவுதான்.

"ஓடுது இல்ல? அப்புறம் இன்னா?"

"சத்தம் பூட்சிக்கா."

"நல்லதாப் போச்சு. கீழ்வூட்டுக்காரங்க இனிமே கண்ணசருவாங்க."

அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நான் பையை எடுத்துக்கொண்டேன். சாப்பிட்டுவிட்டுப் போ என்றாள். ஊமை இரண்டையும் அங்கேயே விட்டேன். பேரீச்சம்பழத்துக்குப் போட்டிருப்பாள்.

விக்கிரவாண்டியில் ஒரு லாரி ஏற்றிக்கொண்டது. விழுப்புரத்தில் செல்போன் ரிப்பேர் செய்பவர் எஞ்சினைப் பிரித்து, லென்ஸ் வைத்து நெடுநேரம் பார்த்தார்.

"இதுல ஒண்ணும் இல்லண்ணே. தொடச்சி வுட்ட மாதிரி இருக்குது. பேஜாரே வேணாம், யூடியூப்ல ரயில் சத்தம் எடுத்து சின்ன ஸ்பீக்கர்ல போட்டுடலாம். ஜல்தியா முடிச்சிடறேன்."

தன் போனில் ஒன்றைப் போட்டுக் காட்டினார். பழையதைவிடத் துல்லியமாக இருந்தது. மேஜைமேல் டிரான்ஸ்ஃபார்மர் வயரைத் தொடவைத்து எஞ்சினை ஓட்டினேன், நிறுத்தினேன். போன் சத்தம் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருந்தது. வேண்டாம் என்று மூடச் சொன்னேன்.

பக்கத்து இன்வெர்ட்டர் கடைக்காரர் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவர், பையைத் தூக்கிப் பார்த்தார்.

"பொம்மையவே இம்மாங் கனத்துக்குத் தூக்கிக்கினு திரியறியே. எங்கிட்ட பேட்டரி தூக்க ஆளு இல்ல. காலைல வா."

வேறு போக இடமில்லை. ஸ்டேஷனில் படுத்தேன். ரயில்கள் போய்க்கொண்டே இருந்தன. எல்லாம் கரண்டில் ஓடுபவை. காலையில் எஞ்சினைக் கடையின் செத்த பேட்டரிகளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, புது பேட்டரிகள் ஏற்றிய கடை வண்டியில் ஏறினேன். முதல் வீடு மூன்றாவது மாடி.

"சாய்க்காமத் தூக்கு. ஆசிட்டு மேல ஊத்திக்கும்" என்றார் கடைக்காரர்.

சாய்க்காமல் தூக்கினேன்.