கேசட்டில் போன ராணி

தொண்ணூறுகளின் நடுவில் துபாய்க்கு வெளியே ஒரு லேபர் கேம்ப்பில் இருந்தபோது நான் ஒரு சரித்திர நாடகம் எழுதினேன். யாரும் எழுதச் சொல்லவில்லை. பொங்கலை ஒட்டி வரும் வெள்ளிக்கிழமை மெஸ் ஹாலில் ஏதாவது பாட்டுக் கச்சேரி வைக்கலாம் என்றுதான் பேச்சு. நான்தான் முந்திக்கொண்டு, "நாடகமே இருக்கு என்கிட்ட" என்றேன். அப்போது என்னிடம் ஒரு வரிகூட இல்லை.

கதை இதுதான். எழுநூறு, எண்ணூறு வருடங்களுக்கு முன் ஒரு சின்ன நாடு. ராஜா இறந்துபோகிறார். ஒரே மகள். சித்தப்பன் ஓலையை நீட்டி, அரியணை எனக்கு வேண்டாம் என்று முத்திரை வைத்துக் கொடு என்கிறான். அவள் சபை நடுவே நிமிர்ந்து நின்று, "என் தந்தை ஆண்ட மண்ணில் எனக்கு ஒரு பிடி இல்லையென்றால், நான் அவருக்கு மகளாய்ப் பிறந்தது எதற்கு?" என்று கேட்கிறாள். அப்புறம் சிறை, தப்பித்தல், போர், முடிசூட்டு. போரில் குதிரையெல்லாம் வைத்திருந்தேன். கேம்ப்பில் ஒரு பூனைதான் இருந்தது.

சேனாபதி வேஷம் எனக்கு என்று முடிவு செய்து, சேனாபதிக்குத்தான் வசனத்தை அள்ளிக் கொட்டியிருந்தேன். ஆனால் அத்தனை ஆண்கள் இருந்த கேம்ப்பில் ராணிக்காக மீசையை எடுக்க ஒருவனும் முன்வரவில்லை. துபாய் தேரா பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருந்த கீழக்கரை பாய் ஒருவர் பட்டுச்சேலை தந்து, நாடகத்தைச் சொல்லிக்கொடுக்கவும் வந்திருந்தார். அவர்தான் தீர்ப்புச் சொன்னார்: "எழுதுனவனுக்குத்தான் தம்பி வசனம் வாயில நிக்கும். நீயே ராணி. கலாஸ், முடிஞ்சுது."

மீசையை எடுத்துவிட்டுக் கண்ணாடியைப் பார்த்தேன். ராணி தெரியவில்லை. உரித்த கோழி தெரிந்தது.

வசனத்தை மனப்பாடம் செய்ய ஒரு கேசட்டில் என் குரலிலேயே பேசிப் பதிந்தேன். சைட்டுக்குப் போகும் பஸ்ஸில் வாக்மேனில் கேட்கலாம் என்று எண்ணம். அதே சாயங்காலம் ஊருக்கும் ஒரு கேசட் பேச வேண்டியிருந்தது. அந்த நாட்களில் கடிதம் எழுத அலுத்தவர்கள் கேசட்டில் பேசி, லீவில் போகிறவர் கையில் கொடுத்துவிடுவோம்.

அந்தக் கேசட் என் தங்கைக்கு. அப்பா உயில் எழுதாமல் இறந்துவிட்டார். புருஷன் வீடு சரிப்படாமல் தங்கை இரண்டு பிள்ளைகளோடு திரும்பி வந்து, அப்பா கட்டிய வீட்டில் அம்மாவோடு இருந்தாள். நான் அதை இடித்து என் பேரில் மாடி வீடு கட்ட ஆசைப்பட்டேன். அதற்கு அவள் தன் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதித் தர வேண்டும். எங்கள் பக்கத்தில் பெண்கள் அண்ணன் தம்பிக்கு அப்படி எழுதிக் கொடுப்பது வழக்கம். கொடுக்காதவளைத்தான் ஊர் பேசும்.

ராணிக்காகத் தழுதழுத்துப் பேசி முடித்தேன். ஒரு டீ குடித்தேன். கேசட்டை மாற்றி, தங்கையிடம் அதே தழுதழுப்போடு பங்கை விட்டுக்கொடுக்கச் சொன்னேன். இரண்டுக்கும் நடுவே ஏதோ இடிக்கிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை. நான் எழுத்தாளன் அல்லவா, அதெல்லாம் பார்வையாளர்களுக்குத்தான் தோன்ற வேண்டும்.

இரண்டும் ஒரே கம்பெனி கேசட். 'ராணி', 'ஊர்' என்று டப்பாவில் மட்டும் எழுதினேன். அன்று வியாழக்கிழமை; இரவே ரூம்காரர் ஒருவர் 'ஊர்' டப்பாவோடு விமானம் ஏறினார். வெள்ளிக்கிழமை ஒத்திகையில் பாய், "ராணி வசனத்தைப் போடு, கேப்போம்" என்றார். மெஸ் ஹாலில் முப்பது பேருக்கு முன்னால் டேப் ரிக்கார்டரை அழுத்தினேன்.

"தங்கச்சி, பொம்பளப் புள்ள, உனக்கு எதுக்கு இந்தத் தலைவலி? ஒரே ஒரு கையெழுத்துப் போட்டுட்டு நிம்மதியா இரு. நான் உன்னை விட்டுருவனா?"

பாய்ந்து டேப்பை அணைத்தேன். பாய் தன் தொடையில் தட்டினார்.

"வில்லன் வசனமா? சித்தப்பனை அண்ணனா மாத்திட்டியா? பிரமாதம் தம்பி! மத்தது பூரா நாடகம் மாதிரி இருக்கு. இது ஒண்ணுதான் நெசம் மாதிரி இருக்கு."

"ஆமா பாய், மாத்திட்டேன்" என்றேன். வேறு என்ன சொல்ல?

அடுத்த வெள்ளிக்கிழமை ஒரு வெல்டர் என் அண்ணனாக நடித்து, என் வார்த்தைகளை என் முகத்துக்கு நேராகச் சொன்னான். "போடாதே, கையெழுத்துப் போடாதே!" என்று கூட்டம் கத்தியது. விசில் பறந்தது. அண்ணனுக்கு விழுந்த வசவுகளைப் பட்டுச்சேலைக்குள் நின்று நான் வாங்கிக்கொண்டேன்.

ஒரு மாதம் கழித்துத் தங்கையின் கேசட் வந்தது. யாரும் ரூமில் இல்லாதபோது போட்டுக் கேட்டேன்.

"அண்ணே, நல்லாருக்கியா? உன் கேசட்ட நாலு தடவ போட்டுக் கேட்டோம். நீ பொம்பள மாதிரி பேசுறியேன்னு புள்ளைங்க சிரிச்சுச்சுங்க. அம்மா அழுதுருச்சு. நேரா சொல்லக் கூச்சப்பட்டுக்கிட்டு நாடகமாச் சொல்லியிருக்க. எனக்குப் புரியாதா? இந்த வீட்ல எனக்கும் பங்கு இருக்குன்னு உன் வாயால சொன்னியே, அது போதும்ணே."

பிறகு தாழ்ந்த குரலில் சொன்னாள்:

"நீ கையெழுத்துக் கேப்பன்னு எல்லாரும் சொன்னாங்க. கேட்டா போட்டுக் குடுத்துறதுன்னுதான் இருந்தேன். அதுக்கப்புறம் புள்ளைங்களக் கூட்டிக்கிட்டு எங்க போறதுன்னுதான் தெரியல."

அன்றைக்கே புதுக் கேசட் வாங்கி, "ஆமா தங்கச்சி, அதைத்தான் சொன்னேன்" என்று பேசி அனுப்பினேன். அந்த வார்த்தையைப் பத்திரத்தில் எழுதிக் கொடுக்க மட்டும் எனக்கு இன்னும் இரண்டு லீவு பிடித்தது.