அக்கா வீட்டுச் சுவரின் சாய்வு

சுங்கை பூலோவில் அக்கா வீட்டுச் சமையலறை, மேட்டு மண்ணைத் தாங்கி நிற்கும் பின்சுவரை ஒட்டி இருந்தது. எங்கள் பக்கம் இது சகஜம். வரிசை வீடு வாங்கியதும் பின்னால் இழுத்துக் கட்டி, சுவர்வரை கூரை போட்டால்தான் வீடு முழுமை. சுவர் நாலு மீட்டர் உயரம். மழைக்காலம் தொடங்கியதும், "சுவரு சாயற மாதிரி இருக்கு, வந்து பாரேன்" என்று அக்கா கூப்பிட்டாள். பிரிக்ஃபீல்ட்ஸ் நில அளவை அலுவலகம் ஒன்றில் நான் பதினான்கு வருடமாக வேலை செய்கிறேன். வேறு யாரைக் கூப்பிடுவாள்?

கோணத்தையும் தூரத்தையும் துல்லியமாக அளக்கும் கருவியான அலுவலகத்தின் டோட்டல் ஸ்டேஷன் அன்று கிள்ளானில் ஒரு வேலையில் இருந்தது. காத்திருந்து வாங்கி, முக்காலியோடு சுமந்து, மழையில் நிறுத்த வேண்டும். எனக்குச் சோம்பல். மேசை இழுப்பறையில் கிடந்த கையகல டிஜிட்டல் கோணமானியை எடுத்துப் போய்ச் சுவரில் வைத்தேன். 1.2 பாகை. அடுத்த ஞாயிறும் 1.2.

"அசையவே இல்லக்கா" என்றேன்.

அக்கா எல்லாரையும் சந்தேகப்படுவாள், என்னைத் தவிர. "நீ சொன்னா சரிதான் லா" என்று, வெள்ளிக்கிழமை சாயங்கால ஜெபக்கூட்டத்தைத் தன் வீட்டிலேயே வைத்துக்கொள்வதாகச் சபையில் சொல்லிவிட்டாள்.

அந்த வெள்ளி மதியம் அலுவலகத்துக்கு வீடு கட்டும் குத்தகைக்காரர் ஒருவர் வந்தார். எந்தக் கோணமானி வாங்கலாம் என்று கேட்டார். அதே கையகலக் கருவியைக் காட்டி விளக்கினேன். "டைல்ஸ் ஒட்ட, கதவு வைக்க இது போதும் பாஸ். பத்துல ஒரு டிகிரிக்குக் கீழ இதுக்குக் கண்ணு தெரியாது. சுவரு நகருதான்னு பார்க்க இது..."

காகிதத்தை இழுத்துக் கணக்குப் போட்டேன். நாலு மீட்டர் உயரத்தில் பத்தில் ஒரு பாகை என்றால் ஏழு மில்லிமீட்டர். அதுவரை சுவர் நகர்ந்தாலும் கருவி 1.2 என்றே சொல்லலாம். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். நான் சறுக்கவில்லை, சோம்பலில் நானே உட்கார்ந்துவிட்டேன்.

வெளியே கொட்டிக்கொண்டிருந்தது. அக்கா போனை எடுக்கவில்லை. திரும்பி வந்திருந்த டோட்டல் ஸ்டேஷனைக் காரில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். வழி முழுக்க ஜாம். ஆண்டவரே, நான் போய்ச் சேரும்வரை என்று மட்டும் ஜெபித்தேன்.

சமையலறையில் எட்டுப் பெண்கள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள்.

"எல்லாரும் எழுந்து எதிர் வீட்டுக்குப் போங்க. இப்பவே!"

"என்னடி ஆச்சு? நீதானே ஒண்ணும் இல்லன்னே?" என்றாள் அக்கா. நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

மழை சற்று விட்டதும் பக்கத்துச் சந்தில், இருபது மீட்டர் தள்ளிக் கருவியை நிறுத்தினேன். சுவர் உச்சியில் ஒரு குறி. ஒருமுறை பார்த்து, தொலைநோக்கியைக் கவிழ்த்து மறுபடி பார்த்து, இரண்டுக்கும் சராசரி எடுப்பது எங்கள் முறை. கருவியின் கோணலைச் சுவரின் தலையில் கட்டாமலிருக்க. இந்தக் கருவியால் முன்பே ஒரு அளவு எடுத்து வைத்திருந்தால் உடனே தெரிந்திருக்கும். என்னிடம் எதுவும் இல்லை. ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டியிருந்தது.

ஒரு பாகையை மூவாயிரத்து அறுநூறு வினாடிகளாகப் பிரிப்போம். இரண்டாம் அளவில் முப்பது வினாடி கூடியிருந்தது. என் கைப்பிழையோ என்று, முதலிலேயே அளந்து வைத்திருந்த தூரத்து விளக்குக் கம்பத்தை மறுபடி பார்த்தேன். கம்பம் அசையவில்லை. இருபது மீட்டர் தூரத்தில் முப்பது வினாடி என்றால், சுவர் ஒரு மணி நேரத்தில் மூன்று மில்லிமீட்டர் வெளியே வந்திருந்தது.

அன்றைய ஜெபம் எதிர் வீட்டில் நடந்தது. மறுநாள் காலை பசியாறும் நேரத்தில் சுவர் விழுந்தது. வெங்காயம் உரித்த இடத்தில் இடுப்பளவு மண். யாருக்கும் ஒன்றுமில்லை.

"இந்த மெஷின மொதல்லயே கொண்டாந்திருக்கலாம்ல?" என்று அக்கா கேட்டாள். தூக்கச் சோம்பலாக இருந்தது என்று உள்ளதைச் சொன்னேன். அவள் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

இப்போது அக்கா மேருவில் வாடகைக்கு இருக்கிறாள். போன வாரம் போய், வீட்டின் சுவர்களையெல்லாம் டோட்டல் ஸ்டேஷனால் பார்த்து, எல்லாம் நேராக இருக்கிறது என்றேன். "சரி" என்று தலையாட்டினாள். கருவியைப் பெட்டியில் வைத்துவிட்டுச் சாப்பிட வந்தேன். சாப்பாட்டு மேசையைச் சுவரிலிருந்து இழுத்து அறையின் நடுவில் போட்டிருந்தாள்.