தூங்காத மாத்திரையும் எங்கள் கடை எடை மெஷினும்

மருந்துக்கடைக்கு நோயாளி வருவதே இல்லை. நோயாளிக்கு வேண்டியவர்கள்தான் வருவார்கள், அதுவும் டாக்டரைவிட அதிகம் தெரிந்தவர்களாக. கவுண்டருக்குப் பின்னால் நின்றே கால் வீங்கிப்போன என் இனத்தாரே, உங்களுக்குச் சொன்னால்தான் இது புரியும். எழுபதுகளில் புதுவாயலில், கல்கத்தா ரோட்டைப் பார்த்த மாதிரி இருந்த ஒரு மருந்துக்கடையில் நான் சேல்ஸ்மேன். அலமாரி நிறைய மருந்து இருந்தாலும் என் உயிரை வாங்கியது ஒரே ஒரு டப்பாதான்.

கவர்மெண்ட் சீல்

அந்த டப்பாவில் இருந்தது மூளையை உசுப்பிவிடும் மாத்திரை. டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாது. லாரிக்காரர்கள் அதற்கு வைத்த பெயர் தூங்காத மாத்திரை. ஆந்திராவில் பெஜவாடா வரை லோடு அடிக்கும் முனுசாமி எங்கள் ஊர்க்காரர். வழியில் இன்னொரு டிரைவர் கொடுத்து ருசி கண்டுவிட்டார். நேரே கடைக்கு வந்து, "ஷோக்கா கீது சார், நமக்கும் ஒரு பட்டை குடு" என்றார்.

இதயம் படபடக்கும், பசி போகும், தூக்கத்தை ஏமாற்றினால் அது ஒரு நாள் வட்டியோடு வசூலிக்கும் என்று நான் பெரிய சொற்பொழிவே ஆற்றினேன். கடைசியில் சீட்டு எங்கே என்று கேட்டேன். சட்டைப் பையிலிருந்து டிரைவிங் லைசென்ஸை எடுத்துக் கவுண்டரில் வைத்தார்.

"கவர்மெண்ட் சீலே கீது பாரு. இதுக்கு மேல இன்னா சீட்டு ஓணும் உனக்கு?"

யாருக்குப் பைத்தியம்?

சில மாதம் கழித்து முனுசாமியின் மனைவி கன்னியம்மா நிஜமான சீட்டோடு வந்தார். கூடவே மகள் செல்வி, மூன்றாம் வகுப்பு. அம்மா சீட்டை எடுப்பதற்குள் மகள் கவுண்டர் கதவைத் திறந்து மூடி, காற்றாடி சுவிட்சைப் போட்டு அணைத்து, பஞ்சுக் கட்டைப் பிரித்து முடித்திருந்தாள். ஓர் இடத்தில் உட்காராத பிள்ளையை இனி அனுப்ப வேண்டாம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டார்களாம். கன்னியம்மா அழாத குறை. மெட்ராஸ் டாக்டர் பார்த்துவிட்டு, காலையில் சாப்பிட்ட பிறகு அரை மாத்திரை, மாதாமாதம் எடை பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தார்.

நான் அந்த டப்பாவை எடுத்ததும், புருஷன் சட்டைப் பையில் பார்த்த மாத்திரைதான் என்று கன்னியம்மாவுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. சில பிள்ளைகளுக்கு இது கவனத்தை நிறுத்தி வைக்கும் என்று எனக்குத் தெரிந்த அளவில் விளக்கினேன். அவர் முகம் தெளியவில்லை.

"அந்தாளு தூங்காம ஓட்றதுக்கும் இதான், இவ ஆடாம குந்தறதுக்கும் இதான்னா, பைத்தியம் டாக்டருக்கா எனக்கா?"

பின் பெஞ்சு

பைத்தியம் யாருக்கும் இல்லை. செல்வி உட்கார்ந்தாள், ஒரு பக்கம் முழுக்க எழுதினாள், பள்ளிக்கூடமும் அவளை வைத்துக்கொண்டது. அதோடு விட்டார்களா? அவளுடைய டீச்சர் ஒருநாள் பையோடு வந்து, அதே மாத்திரை மொத்தமாக வாங்கினால் கிடைக்குமா என்று விசாரித்தார். வகுப்பில் யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்டேன்.

"உடம்பெல்லாம் நல்லாதான் இருக்கு சார், அதான் பிரச்சினையே. பின் பெஞ்சுக்கு மட்டுமாவது கொடுங்களேன்."

கண்ணு படும்

எங்கள் கடை வாசலில் ஓர் எடை மெஷின் உண்டு. முதலாளி ஆசைப்பட்டு வாங்கியது. பெரும்பாலும் குடை சாத்தி வைக்கத்தான் ஆயிற்று, ஏனென்றால் பிள்ளையை எடை போட்டால் கண் பட்டுவிடும் என்று எந்தத் தாயும் அதன் பக்கம் வரமாட்டாள். கன்னியம்மாவும் ஒவ்வொரு மாதமும் மகளை அதைத் தாண்டி இழுத்துக்கொண்டு போனார். ஒருநாள் பார்க்கிறேன், செல்வியின் பாவாடை இடுப்பில் நிற்கவில்லை, ஊக்கு குத்தியிருந்தது. பஞ்சுக் கட்டு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் அவள் தொடவில்லை. என்ன ஆயிற்று என்று விசாரித்தேன்.

சோறு இறங்கவில்லை, ராத்திரி கொட்டக் கொட்ட விழித்திருக்கிறாள், பெரியபாளையத்து அம்மன் கோயிலில் வேப்பிலை கோத்து வேப்பஞ்சேலை கட்டுவதாக வேண்டிக்கொண்டாயிற்று என்றார் கன்னியம்மா. அம்மனுக்குப் பாவம், மாத்திரைக் கணக்கு தெரியாதே! மாத்திரையை எப்படிக் கொடுக்கிறீர்கள் என்று நான் கேட்டேன். காலையில் வெறும் வயிற்றில் ஒன்று முழுசாக, சாயங்காலம் இன்னொன்று முழுசாகக் கொடுத்திருக்கிறார்; நான் தந்தது போதாமல் அதே சீட்டைக் காட்டி வேறு கடைகளிலும் வாங்கியிருக்கிறார். கண்ணாவது பட்டாவது என்று செல்வியைத் தூக்கி மெஷினில் நிறுத்தினேன். முள் போன இடத்தைப் பார்த்துக் கன்னியம்மா வாயைப் பொத்திக்கொண்டார். அன்றைக்கே மெட்ராஸ் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். சாயங்கால மாத்திரை எதற்கு என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதில் இது:

"காலைல ஸ்கூலுக்கு சார், சாய்ங்காலம் ஊட்டுக்கு. அவங்களுக்கு மட்டும்தான் அமைதி ஓணுமா?"

எருமை

டாக்டர் திட்டித் தீர்த்துப் பழையபடி அரை மாத்திரைக்கு இறக்கினார், இட்லி உள்ளே போன பிறகுதான் என்றார், எடை பார்க்காமல் வரவே கூடாது என்றார். செல்வி தேறிவிட்டாள். மாதம் பிறந்தால் குடையைத் தள்ளிவிட்டுத் தானே மெஷினில் ஏறுவாள். ஆனால் வீட்டில் மிச்சமிருந்த மாத்திரைகளை முனுசாமி எடுத்துக்கொண்டார். நான் தராததை மகள் தந்துவிட்டாள்.

பெஜவாடா போய்ப் படுக்காமலே திரும்பியவர், கவரைப்பேட்டை தாண்டி, பட்டப்பகலில், எருமைக் கூட்டம் வருகிறதென்று ஸ்டியரிங்கை ஒடித்தார். லாரி வயலில் இறங்கியது. எருமையைப் பார்த்தவர் அவர் ஒருவர்தான். பக்கத்தில் இருந்த கிளீனர் ஒரு வாலைக்கூடப் பார்க்கவில்லை. உயிர் பிழைத்தது பெரிய காரியம்.

கையில் கட்டோடு, மகளைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தார். "எருமை வந்துச்சு சார், கொம்பு வரைக்கும் பாத்தேன்" என்று சாதித்தார். செல்வி அவருடைய நல்ல கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்தாள். குடையை எடுத்துக் கீழே போட்டாள்.

"மாத்திரை துன்னா இதும்மேல ஏறணும் நைனா, டாக்டரு சொல்லிக்கிறாரு. ஏறு!"

என் சர்வீஸில் டாக்டர் சொன்னதைச் சொன்னபடி கேட்ட ஒரே ஆள், சொன்ன பேச்சு கேட்கமாட்டாள் என்று பள்ளிக்கூடம் விரட்டப் பார்த்த அந்தப் பெண்தான்.