பக்கத்து மாடிச் சுருதிப்பெட்டி

இராஜபாளையத்தில் எங்கள் பக்கத்து வீட்டு மாடியில் யோகா வகுப்பு நடக்கிறது. விடிந்தும் விடியாமலும் சுருதிப்பெட்டியை ஸ்பீக்கரில் போட்டுவிடுவார்கள். தியானம் ஆழப்படுமாம். எனக்கு ரத்தக்கொதிப்புதான் ஏறியது.

“பேசித் தீத்துக்கிடுவோம் சார்” என்று மாஸ்டர் வந்தார். “எதுவானாலும் எழுத்தில்” என்று கதவைச் சாத்தினேன். வருவாய்த்துறையில் ஓய்வு பெற்றவனுக்கு எந்த மனு எங்கே போக வேண்டும் என்று தெரியாதா? போலீஸ் வந்தது. சத்தம் நின்றது.

மறுநாள் காலை, ஆஸ்துமாக்காரியான என் மனைவி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். “என்னங்க, அந்தச் சத்தத்தக் காணோம்? அதோட சேந்துதான் தெனமும் மூச்ச இழுத்து விடுவேன். இன்ஹேலர் போட்டும் படபடப்பு அடங்கலையே.”

பக்கத்து மாடி ஏறி மாஸ்டரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. “எழுதிக் குடுங்க சார். நாளைக்கு மறுபடி போலீசக் கூட்டிட்டு வந்தீகன்னா?”

வகுப்பே வேடிக்கை பார்க்க, நின்றபடி எழுதினேன். நான் கையெழுத்துப் போடும் முன்பே அவர் ஸ்பீக்கரை எங்கள் ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டுவிட்டார்.

அந்தச் சத்தம் எனக்கு இன்றும் பிடிக்காது. ஆனால் தினமும் அது தொடங்கும் முன்பே விழித்துக் காத்திருக்கிறேன். அவள் மூச்சு அதோடு சேர்ந்த பிறகுதான் எழுந்து பல் தேய்க்கப் போகிறேன்.