தாளும் பேட்டரியும் ஒரே கொட்டகையில்

அனகாபுத்தூரில் காலை பஸ் ஏறினால் கனகவல்லிக்கு உட்கார இடம் கிடைப்பது அபூர்வம். தாம்பரத்தில் இறங்கி, இன்னொரு பஸ் பிடித்து, பல்கலைக்கழகத்தின் பின்வாசலுக்கு வந்து சேரும்போதே பாதி வேலை முடிந்த மாதிரி கால் கனத்திருக்கும். வேலை அதற்குப் பிறகுதான் ஆரம்பம்.

கேண்டீனுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. பழைய விடைத்தாள், ப்ராஜெக்ட் ரிப்போர்ட், அட்டைப்பெட்டி என்று வளாகம் தூக்கிப் போடுகிற தாளெல்லாம் அங்கே வரும். சுருள் கம்பியை உருவி, பிளாஸ்டிக் உறையைக் கிழித்து, வெள்ளைத் தாளைத் தனியாகக் கட்ட வேண்டும். அவளும் ஜான்சியும் இரண்டே பேர். பம்மலிலிருந்து வரும் ஜான்சிக்கு ஒரு மகள் வயதுதான் இருக்கும், ஓயாமல் பேசுவாள். பதில் சொல்லத் தெம்பில்லாமல் கனகவல்லி 'உம்' கொட்டுவாள். வீட்டுக்காரர் துரை பெயின்ட் வேலையில் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பைக் கெடுத்துக்கொண்ட பிறகு, அந்த வீட்டில் வேலைக்குப் போவது இவள் மட்டும்தான்.

போன மார்ச்சில் மாணவர்கள் மின்கழிவு வாரம் நடத்தினார்கள். ஹாஸ்டல்களிலிருந்து பழைய போன், சார்ஜர், லேப்டாப் எல்லாம் பெட்டி பெட்டியாக வந்தன. வைக்க வேறு இடமில்லை என்று தாள் கட்டுகளின் மேலேயே அடுக்கிவிட்டுப் போனார்கள்.

"இன்னா சார் இது, இங்க கொட்டிட்டுப் போறாங்க? நாங்க உக்காரவே எடம் இல்ல," என்று சூப்பர்வைசர் வெற்றிவேலிடம் கனகவல்லி கேட்டாள்.

"திங்கக்கிழம லாரி வந்துடும்க்கா. அதுவரைக்கும் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க. நானும் எங்கதான் வைக்கிறது, சொல்லுங்க." அவன் முகமும் வாடித்தான் இருந்தது.

லாரி வரவில்லை. புதன்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டு வாசலில் காலை நீட்டியிருந்தாள். உள்ளே சுர்ரென்று ஒரு சத்தம். உப்பிப்போயிருந்த ஏதோ ஒரு லேப்டாப் பேட்டரி வெடித்து, பெட்டியிலிருந்து புகை கிளம்பியது.

"யக்கா, தள்ளி வந்துடு. நெருப்பு பத்திகினு வருது," என்றாள் ஜான்சி.

சுவருக்கு அந்தப் பக்கம் கேண்டீன் சிலிண்டர்கள். கனகவல்லி உள்ளே போனாள். தாள் வாரும் கொக்கியை மாட்டிப் பெட்டியை இழுத்து வெளியே மண்ணில் தள்ளினாள். அதற்குள் வலது கை முழங்கைவரை வெந்துவிட்டது. ஜான்சி குடத்துத் தண்ணீரைக் கட்டுகள்மேல் ஊற்ற, ஓடிவந்த செக்யூரிட்டி ஆட்கள் மிச்சத்தை அணைத்தார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து சில வாரம் வீட்டில் கிடந்தாள். துரை சுவரைப் பிடித்துக்கொண்டே சோறு வடித்தார். "நீ படு. நான் பாத்துக்கறேன்," என்றார். அவள் படுத்தாள், பகலெல்லாம் தூங்கினாள். கல்யாணம் ஆனதிலிருந்து அப்படித் தூங்கியதே இல்லை. கை எரிந்தாலும், எழுந்திருக்க வேண்டாம் என்பது சுகமாக இருந்தது. அதை யாரிடமும் சொல்லக் கூச்சமாகவும் இருந்தது.

வேலைக்குத் திரும்பியதும் ஒரு விழா வைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். மைக்கைக் கொடுத்து இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள்.

"இன்னா பேசறது. அந்தச் சாமானுக்கு ஒரு தனி ரூம் குடுங்க. நாங்க உக்கார ஒரு பெஞ்சு," என்றாள். எல்லாரும் கை தட்டினார்கள்.

ரூம் வந்தது, பழைய சைக்கிள் ஸ்டாண்டில் சுவர் எழுப்பிக் கொடுத்தார்கள். பெஞ்சு வரவில்லை. ஜான்சியை அவள் அம்மா வேலைக்கு அனுப்பாமல் நிறுத்திக்கொண்டாள், அந்த இடத்துக்கு இன்னும் ஆள் போடவில்லை. தாள் மூட்டைக்குள் போனும் பேட்டரியும் வருவது நிற்கவும் இல்லை. ஒவ்வொரு மூட்டையையும் கையால் அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் இப்போது அவிழ்க்கிறாள். அதனால் வேலை முன்னைவிட மெதுவாக நடக்கிறது, பஸ்ஸும் தவறிப்போகிறது.

"வேற எங்கயாவது வேல பாக்கலாமேக்கா," என்று வெற்றிவேல் ஒருநாள் கேட்டான்.

"எங்க போனாலும் நிக்கணும் சார். இங்க வெயில் படாம நிக்கறேன்," என்று சொல்லிவிட்டு, அடுத்த மூட்டையின் கழுத்தைப் பிடித்து இழுத்தாள்.